மெழுகக்காவின் கொல்லச்சி

எங்கள் பட்டறையில் பொய்ப்பல் செய்கிறோம். மருத்துவமனைகளிலிருந்து வரும் வாய் அச்சுகளைப் பார்த்து முதலில் மெழுகில் பல்வரிசை செதுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவருக்கு மெழுகக்கா என்று பெயர் வைத்துவிட்டோம். ஓயாமல் பேசுவார். தேய்ந்துபோன பற்களின் அச்சைக் கையில் எடுத்தால், "பாவம், இந்த மனுஷன வீட்ல பேசவே விடமாட்டாங்க போல. பல்லைக் கடிச்சே காலத்த ஓட்டியிருக்காரு" என்பார். பக்கத்து மேசையில் பாலிஷ் போடும் எனக்குச் சிரிப்பில் கை ஆடிவிடும்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து, மாலை வரை வாய் திறக்கவில்லை. என்ன நடந்தது என்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மெழுகக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டம்தான். சீட்டாட்டம் இல்லை. கொழுந்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு கதைக்குள் பயணம் போவார்கள். கதையை நடத்துபவர் கொழுந்தனார். எதிரிகள், காடு, மழை எல்லாம் அவர் கையில். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மெழுகக்காவின் தங்கை வில்லாளி. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அங்கே வந்தால் மலை மேல் நின்று அம்பு விடுவாள். கொழுந்தனாரின் நண்பரான பஸ் கண்டக்டர் வாள்வீரர்.

தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள் கொடுத்தார்கள். உடல் வலிமை, வேகம், அறிவு, கைத்திறன் என்று அவரவர் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். மெழுகக்கா கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கைத்திறனில் போட்டு ஒரு கொல்லச்சியை உருவாக்கினார். மந்திரப் பொருட்கள் செய்பவள்.

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "அண்ணி, இவ மேல ஒரு நாய் பாஞ்சாப் போதும், கதை முடிஞ்சுது."

"நாய் பாயும்போது நீங்கல்லாம் எங்க போயிருப்பீங்க?"

"அது சரி. ஆனா மந்திரப் பொருளச் சும்மா செய்ய விட்டா ஆட்டமே கெட்டுடும். ஆளாளுக்கு ஒரு கவசத்த மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. எதையாவது இழந்துதான் செய்யணும்."

எதை இழப்பது என்று அன்று முழுக்கப் பேசினார்கள். கிடைக்காத உலோகம் என்றால், அதைத் தேடியே பொழுது போய்விடும். செய்து முடிக்கப் பல மாதம் ஆகும் என்றால், மற்றவர்கள் கொட்டாவி விட வேண்டியதுதான். கடைசியில் மெழுகக்காவே சொன்னார்: "இவ உயிர்லேருந்தே எடுத்துக்குங்க. ஒரு பொருள் செஞ்சா, கொஞ்சம் உயிர் போகும். போனது திரும்ப வராது."

கொழுந்தனாருக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் மற்ற இருவரையும் பார்த்தார். "அவங்க உயிரக் கொடுத்து உங்களுக்குச் செய்யப் போறாங்க. பதிலுக்கு நீங்க காவல் நிக்கணும். சம்மதமா?"

"அக்காவ யார் தொட முடியும்? நான் முன்னாடி நிப்பேன்" என்றாள் தங்கை. கண்டக்டரும் மேசையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

கொல்லச்சி செய்துகொண்டே இருந்தாள். கண்டக்டருக்குத் தீப்பிடிக்காத கேடயம். தங்கைக்கு ஓசையில்லாத செருப்பு. ஒவ்வொன்றையும் மெழுகக்கா பட்டறைக்கு வந்து எனக்கு விவரிப்பார். செருப்பின் தையல் வரைக்கும் யோசித்து வைத்திருப்பார். கொல்லச்சி மெலிந்துகொண்டே போனாள். "படி ஏறவே மூச்சு வாங்குது இவளுக்கு. பரவாயில்ல, தூக்கிட்டுப் போகத்தான் ஆளிருக்கே" என்று சிரிப்பார்.

பிறகு தங்கை ஓர் அம்பு கேட்டாள். எய்தால் குறி தப்பக் கூடாது. அதற்குக் கொல்லச்சியிடம் மிச்சமிருந்த உயிரில் பெரும்பகுதி தேவைப்பட்டது. மெழுகக்கா தயங்கியதும் தங்கை தோளில் சாய்ந்துகொண்டாளாம். "எனக்குச் செய்யாம யாருக்குக்கா செய்யப் போற?" செய்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஒரு கயிற்றுப்பாலம். பின்னால் எதிரிகள் துரத்துகிறார்கள். தங்கையும் கண்டக்டரும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். கொல்லச்சி பாலத்தின் நடுவில் தள்ளாடி வருகிறாள்.

"நான் கயிற அறுக்கறேன்" என்றாள் தங்கை.

மெழுகக்கா கேலி என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கொழுந்தனார் தலை நிமிராமல், "பாலம் அறுந்து விழுது. கொல்லச்சி பள்ளத்துக்குள்ள போயிட்டா" என்றார்.

"இருங்க. எனக்குப் பகடை கொடுங்க. கயிற எட்டிப் பிடிக்க முடியுதான்னு பாக்கணும்ல?"

கண்டக்டர் மனதில் எதுவும் தங்காத ஆள். "அதான் பகடை வேணாம்னு அன்னிக்கே பேசி முடிச்சோமே" என்று கொழுந்தனாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார் கொழுந்தனார். "இனிமே எதுவும் செய்ய அவகிட்ட உயிர் இல்ல. அவளப் பாத்துக்கவே ரெண்டு பேரும் நிக்க வேண்டியிருக்கு. ஆட்டம் நகரவே மாட்டேங்குது. நீங்க புதுசா ஒரு சண்டைக்காரிய எடுத்துக்கலாமேன்னு..."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துக்கமாட்டீங்கன்னு நினைச்சோம்."

"ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றார் மெழுகக்கா. "நானே பாலத்துல நின்னுக்கிட்டு, அறுங்கடான்னு கத்தியிருப்பேன். எவ்வளவு நல்ல சாவு அது! அதக்கூட எனக்குக் கொடுக்கல."

"அக்கா, விளையாட்டுதானே" என்றாள் தங்கை.

"விளையாட்டுதான். ஆனா எனக்கு வாக்குக் கொடுத்தது உன் வில்லாளியா, நீயா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் கணவர், "பொம்மை செத்ததுக்கா இந்த மூஞ்சி?" என்று கேட்டிருக்கிறார். நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

"விழுந்ததுகூட வலிக்கல" என்றார் என்னிடம், மெழுகில் ஒரு கோரைப்பல்லைச் செதுக்கியபடி. "எப்போ கூடிப் பேசினாங்கன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நான் டீ போட உள்ள போனப்போவா?"

கத்தி நின்றது. பிறகு வெளியே வராந்தாவுக்குப் போய்த் தங்கைக்குப் போன் செய்தார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"அந்த அம்பக் கேட்டியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். "சரி, வை" என்றார். உள்ளே வந்து கத்தியைக் கையில் எடுத்தார். அவராகவே, "தெரியுமாம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தனார் பட்டறைக்கே வந்தார். மெழுகு வாசனைக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அண்ணி, கீழ ஆறு ஓடுது, அதுல விழுந்து பிழைச்சுட்டான்னு வச்சுக்கலாம். கதையில எது வேணா நடக்கும். வாங்க."

"பிழைச்சு எங்க போவா? அவங்ககிட்டயேவா?"

மெழுகக்கா அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

ஆட்டம் அவர் இல்லாமலே முடிந்தது. குறி தப்பாத அம்புதான் கடைசி எதிரியைக் கொன்றது என்று கண்டக்டர் ஒருநாள், நான் தினமும் வரும் அவர் பஸ்ஸில், என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் அதை மெழுகக்காவிடம் சொல்லவில்லை.

தங்கை இப்போதும் வீட்டுக்கு வருகிறாளாம். அம்மாவின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசிக்கொள்கிறார்களாம். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா அவ பாசமா ஏதாவது கேட்டா, எதுக்குக் கேக்கறான்னு மனசு ஒரு நிமிஷம் நின்னு பாக்குது. முன்னாடி அப்படி நின்னதே இல்ல" என்றார் மெழுகக்கா. சொல்லிவிட்டு அடுத்த அச்சை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.