காணாமல் போன ஆறு சதவீதம்

இது கிள்ளானை அடுத்த காப்பாரில் நடந்தது. நடந்த நாள், மணி, அந்த நேரத்தில் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது வரை எல்லாம் அந்தக் காரின் பதிவில் இன்றும் இருக்கிறது. பேயை நம்பாதவர்கள் பேயை நம்ப வேண்டாம். பதிவைப் பார்த்தால் போதும்.

ராசிக்குக்கு முதலில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் அண்ணனோடு சேர்ந்து துணிக்கடை நடத்துகிறவர். கடைக்குப் பின்னால் இருக்கும் திறந்த கார் பார்க்கில் மதியம் வண்டியைப் பூட்டும்போது திரையில் எண்பத்திரண்டு சதவீதம் என்று இருக்கும். சாயங்காலம் வந்து திறந்தால் எழுபத்தாறு. வண்டி ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. மறுநாள் எண்பதில் பூட்டினால் எழுபத்துநான்கு. ஒவ்வொரு நாளும் அதே ஆறு.

ஆறு சதவீதம் என்றால் என்ன என்று பார்ப்போம். அது சின்ன மின்சார எஸ்யூவி. பேட்டரி ஐம்பது யூனிட் கொள்ளும். விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தார்கள். நம் வெயிலில், ஏர்கான் போட்டு ஓட்டினால் முந்நூற்று முப்பது. அதாவது நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட். வீட்டில் சார்ஜ் செய்தால் ஏழெட்டு ரிங்கிட் வெள்ளிதான் ஆகும். ஆறு சதவீதம் மூன்று யூனிட். காசாகப் பார்த்தால் கடையில் ஒரு தே தாரிக், அதாவது ஒரு டீகூட வராது. தூரமாகப் பார்த்தால் இருபது கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து காப்பாரில் இருக்கும் ராசிக்கின் வீடு அதற்கும் குறைவான தூரம்தான்.

கிள்ளானில்தான் அவர் மனைவி ஷிரீனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசியைக் கழற்றி வெளியே வரும்போது ஷிரீனின் ரத்த அழுத்தம் தரையில் கிடக்கும். போன வருஷம் பழைய பெட்ரோல் காரில் ஏர்கான் கெட்டுப்போய், காப்பார் சாலை நெரிசலில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். ஷிரீன் சீட்டிலேயே மயங்கி, உதடு நீலமாகிவிட்டது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் ராசிக் இந்தக் காரை வாங்கினார். எஞ்சின் இல்லாமலே ஏர்கான் ஓடும். ஷா ஆலமில் ஒரு பழைய கார் கடையில், ஒன்றரை வருஷம் ஓடிய வண்டி. விலையும் ஆச்சரியமாகக் குறைவு.

பக்கத்து வீட்டு வேலாயுதம் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாய், கடைக்காரன் எவனாச்சும் வயர் போட்டு உறிஞ்சுறானா?"

"பைப் தண்ணியா அண்ணே அது? சார்ஜ் மூடியத் தொறந்தாலே போன்ல சத்தம் வரும்."

"அப்ப வெயில். பேட்டரி சூடானா அதுவே தன்னக் குளிர வச்சுக்கும். நிழல்ல விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நிழல்ல ஒன்னும் கொறையல. வெயில்ல விட்டாதான்."

"பாத்தீங்களா, நான் சொல்லல? முடிஞ்சுது கேஸ்," என்றார் வேலாயுதம்.

கேஸ் முடியவில்லை. போனில் இருந்த செயலியில் மின்சாரம் எதற்குச் செலவானது என்று பிரித்துக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. இருவரும் திறந்து பார்த்தார்கள். பேட்டரியைக் குளிர்விக்கச் செலவானது, ஏறக்குறைய ஒன்றுமில்லை. முழுக்க ஏர்கான். மதியம் ஒரு மணிக்கு மேல் ஆரம்பித்து, ஒன்றேமுக்கால் மணி நேரம். அதுவும் முன்பக்கம் இல்லை. பின்சீட்டுக்குக் காற்று விடும் துவாரம் மட்டும். மிகக் குறைந்த சூட்டில். முழு வேகத்தில்.

வேலாயுதம் போனை ராசிக்கிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஆள் இல்லாம ஏர்கான் போட்டுக்கிட்டு உக்காந்திருக்குதுலா. உங்கள விட வசதியா இருக்கு பாய்."

"சிரிக்காதீங்க அண்ணே. நாளைக்கு ஷிரீனுக்கு டயாலிசிஸ்."

"இருங்க. பின்னாடிக் காத்தை மொத்தமா அடச்சிடுவோம். யாரும் உக்காராத எடத்துக்கு எதுக்குக் காத்து?"

காரின் திரையில் அமைப்புகளுக்குள் போய்ப் பின்பக்கக் காற்றை அணைத்தார். துவாரத்தின் இதழ்களையும் விரலால் மூடினார். கண்ணாடிகள் தற்செயலாக இறங்காதபடி அதற்கான பூட்டையும் போட்டார்.

அன்று இரவு அவர்கள் குடியிருக்கும் தாமானில் கரண்ட் போய்விட்டது. சார்ஜ் ஏறவில்லை. சனிக்கிழமை காலை நாற்பத்தொன்று சதவீதம்தான்.

ராசிக் மனதில் கணக்குப் போட்டார். கிள்ளானில் ஷிரீனை விட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸ், திரும்பக் கிள்ளான், அப்புறம் வீடு. மொத்தம் நூறு கிலோமீட்டர். முப்பது, முப்பத்தொரு சதவீதம். பத்து மிஞ்சும். நடுவில் வேகச் சார்ஜரில் போடலாம். ஆனால் அவர் பாதையில் இருப்பதில் எப்போதும் வரிசை நிற்கும். ஷிரீன் வெளியே வரும் நேரத்துக்குக் கிள்ளானில் இருக்க வேண்டும். அந்த ஆறு மட்டும் காணாமல் போகாமல் இருந்தால் போதும்.

மதியம் 12.20. வெயிலில் நிறுத்தினார். இருபத்தாறு சதவீதம்.

3.10. திறந்தார். இருபத்தாறு.

வேலாயுதத்துக்கு உடனே போன் போட்டார். "அண்ணே, கொறையவே இல்ல."

"பின்ன? ட்ரீட் எப்ப?"

சிரித்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். உள்ளே ஒரு வாடை. வேர்த்த துணியைப் பையில் கட்டி வைத்தால் வருமே, அது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இடதுபக்கக் கண்ணாடி மட்டும் உட்புறமாக லேசாகப் பனித்திருந்தது. வெளியே முப்பத்துமூன்று டிகிரி. அப்படிப் பனிக்க வேண்டுமானால் உள்ளே யாராவது மூச்சு விட்டிருக்க வேண்டும்.

நேரம் இல்லை. கிளம்பிவிட்டார்.

4.02. கிள்ளான். ஷிரீன் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக வந்து முன்சீட்டில் சாய்ந்தார். பதினைந்து சதவீதம்.

"இன்னிக்கு ரொம்பத் தண்ணி இழுத்துட்டாங்க," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "தலை சுத்துது."

"இருபது நிமிஷம். அப்படியே சாஞ்சுக்க."

4.19. காப்பார் சாலையில் நெரிசல். முன்னால் ஒரு லோரி. வண்டிகள் ஊர்ந்தன.

4.23. டிங்... டிங்... என்று மணி அடித்தது. சீட் பெல்ட் எச்சரிக்கை. ராசிக் தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தார். ஷிரீனுடையதைப் பார்த்தார். இரண்டும் போட்டிருந்தது. திரையில் பின்சீட்டின் இடதுபக்கம் மட்டும் சிவப்பாக மின்னியது.

அங்கே பை எதுவும் இல்லை.

4.26. ஏர்கான் நின்றது.

பொத்தானை அழுத்தினார். எரிந்தது. காற்று வரவில்லை. மறுபடி அழுத்தினார். திரையில் உள்சூடு இருபத்தேழு என்று காட்டியது. முப்பத்தொன்று... முப்பத்தாறு. வெளியே முப்பத்துமூன்றுதான். ஓடுகிற வண்டியில், இவ்வளவு வேகமாக ஏறாது. ஏற முடியாது.

ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினார். இறங்கவில்லை. கதவுக் கைப்பிடியை இழுத்தார். கிளிக் என்றது. திறக்கவில்லை.

நாற்பத்தொன்று.

ஷிரீன் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு காய்ந்து, ஓரத்தில் நீலம் பரவ ஆரம்பித்தது.

"ஷிரீன்... ஷிரீன், தூங்காத. பேசு."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்...

டக்... டக்...

பின்னால். இடதுபக்கம். விரல் நுனியால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். வெளியிலிருந்து இல்லை.

உள்ளிருந்து.

ராசிக் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. மனதுக்குள் ஓத ஆரம்பித்தார். பாதியில் வார்த்தை மறந்துபோனது.

நாற்பத்தேழு.

ஷிரீனின் கண் பாதி திறந்தது. மேலே, பின்சீட்டைக் காட்டும் சின்னக் கண்ணாடியையே பார்த்தார்.

"என்னங்க... கண்ணாடிய எறக்குங்க."

"எறங்க மாட்டேங்குது..."

"எனக்கில்ல," என்றார் ஷிரீன். "அவங்களுக்கு."

டக். டக். டக். டக்.

பூட்டு. நேற்று போட்ட பூட்டு. அதை எடுத்துவிட்டு, நான்கு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினார். மூன்று அசையவில்லை. பின்பக்க இடது கண்ணாடி மட்டும் இறங்கியது. இரண்டு விரல் அளவு. அதோடு நின்றுவிட்டது.

மூச்சு.

நீளமாக, யாரோ தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வந்தது போல ஒரு மூச்சு.

ஏர்கான் ஓடத் தொடங்கியது. முப்பத்தெட்டு... முப்பது... இருபத்தைந்து. கதவு திறந்தது. மணி 4.34. ஷிரீனின் உதட்டில் நிறம் திரும்பியது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஒன்றும் நடக்காதது போலப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது பத்து சதவீதம் இருந்தது. ராசிக் போட்ட கணக்கு தப்பவில்லை.

வேலாயுதம் வந்து பார்த்தார். பின்பக்கக் கண்ணாடியின் உட்புறம், தாழ்வாக, ஒரு கைத்தடம். நான்கு விரலும் மேல்நோக்கி, இழுத்து இழுத்து. அன்று அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. காரின் கையேட்டுப் பைக்குள் கிடந்த பழைய சர்வீஸ் சீட்டில் முன்பு காரை வைத்திருந்தவரின் போன் நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை 10.05. ராசிக் அழைத்தார். எடுத்தவர் பெயர் திருச்செல்வம். சுபாங் ஜெயாக்காரர். ராசிக் கார் நம்பரைச் சொன்னார்.

"அந்த வண்டியில..." என்று கேட்டார் திருச்செல்வம். "பின்சீட்டுக்கு ஏர்கான் வருதுங்களா?"

ராசிக் நடந்ததைச் சொன்னார்.

"எங்க அக்கா," என்றார் திருச்செல்வம். "குமுதா. பேச்சு வராது. கையில ஒன்னுதான் அசையும். வண்டி ஓடும்போதே கதவத் தொறந்துருவாங்க, அதனால பின்னாடிக் கதவுக்கும் கண்ணாடிக்கும் எப்பவும் பூட்டு. அன்னிக்கு ஷா ஆலம்ல ஒரு ஆபீஸ்ல எனக்கு வேலை இருந்துச்சு. ஏர்கான் போட்டுட்டு, பத்து நிமிஷம் அக்கான்னு சொல்லிட்டுப் போனேன். வரிசை நீளம். மின்சாரக் கார்தானே, எஞ்சின் நிக்காது, புகை வராது, எவ்வளவு நேரம்னாலும் ஓடும்னு நெனச்சேன்."

இந்த வகைக் கார் அப்படி ஓடாது. டிரைவர் சீட்டில் எடை இல்லை, சாவியும் பக்கத்தில் இல்லை என்றால், வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அது முடிவு செய்துகொள்ளும். சார்ஜை மிச்சப்படுத்த, அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் தானே அணைத்துவிடும். பின்சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காது. சாவி திருச்செல்வத்தின் சட்டைப்பையில், மூன்றாவது மாடியில் இருந்தது. வெயிலில் மூடிய கார் எவ்வளவு சூடாகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"உயிர் போறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் தட்டியிருக்காங்க," என்றார் திருச்செல்வம். "கறுப்புத் தாள் ஒட்டுன கண்ணாடி. வெளிய இருந்து ஒன்னும் தெரியாது. பக்கத்துலயே ஆளுங்க நடந்து போயிருக்காங்க. கேமரால பாத்தோம்."

போனை வைத்ததும் ராசிக் சொன்னார். "வித்துருவோம் ஷிரீன். நாளைக்கே."

ஷிரீன் தலையை ஆட்டி மறுத்தார்.

"வாங்குறவங்களுக்குத் தெரியாதே. கண்ணாடிய மூடிருவாங்க," என்றார்.

வண்டியை விற்கவில்லை. இப்போதும் வாரம் மூன்று நாள் காப்பாருக்கும் கிள்ளானுக்கும் ஓடுகிறது. எண்பத்திரண்டில் பூட்டினால் சாயங்காலமும் எண்பத்திரண்டு. வெயிலில் விட்டாலும் ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பின்பக்கக் காற்றை அடைக்கக் கூடாது. நிறுத்தும்போது பின்பக்க இடது கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும்.