மணலில் நின்ற ஒன்பது புட்டிகள்

கல்லூரி விடுமுறைக்கு நான் ஊர் வந்து சேர்ந்த மறுநாள், பங்குச் சாமியார் என்னை அழைத்து ஒரு வேலை கொடுத்தார். ஒரே கோடையில் பிழிந்து அடைத்த ஒன்பது புட்டித் திராட்சரசத்தை வியாழக்கிழமை காலையில் மூன்று பேர் சுவைத்துப் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் சொல்வதை ஒன்று விடாமல் நான் எழுதிக்கொள்ள வேண்டும். இலக்கியம் படிக்கிறவள் சுவைகளுக்குச் சொல் கிடைக்காமல் திண்டாட மாட்டாள் என்று அவர் நம்பினார். வழக்கம்போல் தலையை மட்டும் அசைத்தேன். வீட்டுக்கு வந்து, புது நோட்டில் ஒன்பது பக்கங்களுக்கு எண் இட்டபோது இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டு அடித்தேன். பாதித் தடுமாற்றம் ஆவலால். மீதிப் பாதியின் காரணம் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆவூர்ப் பக்கத்தில் எங்களுடையது பழைய கிறிஸ்தவ ஊர். அப்பா அங்கே கோயில்பிள்ளை: மணியடிப்பதும், பீடம் துடைப்பதும், பூசைக்கு வேண்டியவற்றை எடுத்து வைப்பதும் அவர் பொறுப்பு. யுத்த காலத்தில் கப்பல்கள் நின்று, பூசைக்கான திராட்சரசம் சீமையிலிருந்து வருவது அற்றுப்போனது. அப்போது எங்கள் பங்கில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார், மதுரைக்கு அப்பால் மலையடிவாரத்துத் தோட்டமொன்றிலிருந்து கறுப்புத் திராட்சையைக் கூடை கூடையாக வரவழைத்துத் தாமே பிழிந்து, நொதிக்கவைத்து ரசம் எடுத்தார். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கிப் புட்டிகளின் தக்கைமேல் ஊற்றி முத்திரையிட்டார். யுத்தம் முடிந்தபோது ஒன்பது புட்டிகள் மிஞ்சியிருந்தன. அவற்றைத் தம் குருப்பட்டப் பொன்விழாப் பூசைக்கென்று ஒதுக்கி, மணிக்கூண்டுப் படிக்கட்டின் அடியில் ஆற்று மணல் பரப்பிப் படுக்கவைத்து, அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் நாட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் ஏறிய பஸ் கண்ணை விட்டு மறைந்ததும் அப்பா செய்த முதல் காரியம், ஒன்பது புட்டிகளையும் தூக்கி நிறுத்தியதுதான். ஆண்டவருடைய இரத்தமாக மாறப் போகும் ஒன்று, குடிகாரனைப் போல மல்லாந்து கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மணலை அணைத்தார். சனிக்கிழமைதோறும் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சி காத்தார். மதுவிலக்கு வந்த பிறகு அந்த ஒன்பதையும், பூசைக்கு ரசம் வைத்துக்கொள்ளப் பங்குக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டில் முறையாகச் சேர்க்கச் செய்தார். அவரைத் தேடி வருகிறவர்களிடம், "கோயில்பிள்ளை சரக்குக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்காரு" என்று ஊரார் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

படிக்கட்டு சரிந்து இறங்கும் கடைசி மூலையில் இரண்டு புட்டிகள் இருந்தன. வருடத்துக்கு வருடம் உடம்பு பருத்துவந்த அப்பாவால் பிறகு அங்கே நுழைய முடியவில்லை. அந்த மூலைக்குத் தண்ணீர் தெளிப்பது, ஊர்ந்து போகக்கூடிய என் வேலையாயிற்று. எட்டு வயதில் ஒருநாள் செம்பு கைநழுவி, இரண்டு புட்டிகளும் சாய்ந்து விழுந்தன. உடையவில்லை. ஆயினும் எது எப்படி நிற்க வேண்டும் என்பதில் அப்பா எவ்வளவு கண்டிப்பானவர் என்று அறிந்த எனக்கு அவற்றைத் தொடவே அச்சமாக இருந்தது. மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பின் அந்த மூலைக்கு நீண்ட மூக்குள்ள பூவாளியால் வெளியிலிருந்தே தண்ணீர் விட்டேன். பதினோரு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த வெள்ளைக்காரப் பெரிய சாமியார் பொன்விழாப் பூசைக்காக ஞாயிற்றுக்கிழமை வருகிறார். முன்னதாக அவர் எழுதிய கடிதத்தில் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி: என் திராட்சரசம் இருக்கிறதா? அப்பா அன்றே பதில் எழுதிவிட்டார்: இருக்கிறது, ஒன்பதும் இருக்கிறது. ஆனால் புளித்துக் காடியாகிப்போன ரசத்தை வைத்துச் செய்கிற பூசை பூசையே ஆகாது என்பது திருச்சபைச் சட்டம். ஒன்றாவது நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த முதியவர் எதிரில் நின்று அப்பாதான் அதைச் சொல்லியாக வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் சாமியார் பங்களாவின் தாழ்வாரத்தில் மேசை போட்டு, பீடத்துக்கான வெள்ளைத் துணியை விரித்தார்கள். நிறம் பார்க்க அது உதவும் என்றார் சாமியார். சுவைப்பவர்கள் அவரும், சர்க்கார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும், யுத்தத்தில் இத்தாலிவரை போய்த் திரும்பிய என் சித்தப்பாவும். கம்பவுண்டர் மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸ்களைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். சித்தப்பா பட்டாளத்துக் கத்தியோடு வந்தார். அதில் தக்கை பிடுங்கும் திருகாணி இருந்தது. நாக்கைச் சுத்தம் செய்ய அம்மா ஒரு படி பொரி அனுப்பியிருந்தார். யாரும் விழுங்கக் கூடாது, வெற்றிலைப் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும் என்பது சாமியாரின் கட்டளை. சித்தப்பா முகம் வாடினார்.

அப்பா சுவைக்க மறுத்துவிட்டார். சுவரோரம், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் தக்கை வெளிவந்தபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சுவரோரம் நின்ற அப்பாவையும் சேர்த்து நான்கு தலைகள் ஒரே நேரத்தில் முன்னே சாய்ந்தன. நானும் பேனாவோடு எழுந்து நின்றுவிட்டேன். துணியின்மேல் கிளாஸ் வழியாக விழுந்த வெளிச்சம் நாகப்பழத்தின் நிறமாக இருந்தது. சாமியார் ஒரு வாய் எடுத்தார். கண்களை இறுக மூடித் திறந்தார்.

"காடி" என்றார்.

எழுதினேன். இரண்டாவதும் காடி, ஆனால் முதலாவதைவிட மெலிந்தது, தொண்டையில் அல்லாமல் பல்லில் கூசுவது. மூன்றாவது நல்ல மணத்தோடு எங்களை ஏமாற்றியது; வாயில் வைத்தால் நெல்லிக்காய் ஊறிய தண்ணீர். ஒரே தோட்டம், ஒரே கோடை, ஒரே கை. ஆனாலும் ஒவ்வொரு புட்டியும் தனித்தனியாகக் கெட்டிருந்தது. அந்த வேறுபாடுகளைப் பிடிப்பதில் எனக்கு ஏற்பட்ட பரபரப்பை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. துவர்ப்பு, கார்ப்பு, கூச்சம், கரிப்பு என்று பாடத்தில் படித்த சொற்களெல்லாம் முதன்முறையாக யாரோ ஒருவர் நாக்கிலிருந்து நேரே என் நோட்டுக்கு வந்தன. ஒவ்வொரு முத்திரையை உடைக்கும்போதும், இதுதான், இதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

நான்காவது புட்டியின் தக்கை பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. சித்தப்பா அந்தப் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இத்தாலியில் எந்த வீட்டு நிலவறையிலும் புட்டி நிற்கக் கண்டதில்லை என்றும், ரசம் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும், காய்ந்தால் காற்றுப் புகுந்துவிடும் என்றும் சொன்னார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, பெரிய சாமி படுக்கவச்சுட்டுப் போனத நீங்கதானே நிமித்தி வச்சீங்க?"

அப்பா கட்டியிருந்த கைகளைக் கீழே விட்டார்.

ஐந்தாவதும் ஆறாவதும் காடி. ஏழாவது பாதிக்குமேல் வற்றியிருந்தது. கம்பவுண்டர் பொரியை மென்றுகொண்டே, இதைக் காய்ச்சலுக்குக் கொடுத்தால் காய்ச்சல் பயந்து ஓடிவிடும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. மீதி இரண்டும் மூலையில் இருக்கின்றன என்று அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். நான் நோட்டை வைத்துவிட்டு ஓடினேன். கல்லூரிக்குப் போன பிறகு ஓடியது அதுவே முதல் தடவை.

படிக்கட்டின் அடியில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி மணலைக் கிளறினேன். விரலில் ஈரமான கண்ணாடி பட்டது. விட்டுவந்தபடியே இரண்டும் அருகருகே படுத்திருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன்.

எட்டாவது புட்டியின் தக்கை முழுதாக, வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது. சாமியார் வாயில் வைத்தார். வெகுநேரம் துப்பவில்லை. பிறகு கிளாஸைக் கம்பவுண்டரிடம் நீட்டினார். கம்பவுண்டர், உலர்ந்த திராட்சை, கொஞ்சம் ஏலம், கடைசியில் புதுச் சந்தனக்கட்டை என்றார். சித்தப்பா படிக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு விழுங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இது பூசைக்கு ஆகும். தாராளமா ஆகும்" என்றார் சாமியார். "இந்த ரெண்டும் இருட்டு மூலையில நின்னதால பொழச்சிருக்கு, கோயில்பிள்ளை. ஒங்க காவல் வீண் போகல."

அப்பாவின் முகத்தில் இரத்தம் திரும்பியது. எட்டாம் பக்கத்தில் 'இருட்டு மூலையில் நின்றது' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. அப்பா நிம்மதியாக இருந்திருப்பார். பேனா தாளின்மேல் நின்றது. அந்த ஒரு சொல்லை என்னால் எழுத முடியவில்லை.

"நிக்கலை, சாமி" என்றேன். "படுத்துக் கெடந்துச்சு. எட்டு வயசுல நான்தான் சாச்சுட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் புட்டியைப் பார்த்தார்.

"அப்புறம் நிமித்தி வைக்கணும்னு ஒனக்குத் தோணலையா?" என்று கேட்டார்.

"பயமா இருந்துச்சுப்பா."

"நல்லவேளை, புள்ளைக்குப் பயம் இருந்துச்சு" என்றார் சித்தப்பா. "எங்கண்ணனுக்குப் பக்தி மட்டுந்தான் இருந்துச்சு."

கம்பவுண்டர் முதலில் சிரித்தார், பிறகு சாமியார். அப்பா சிரிக்கவில்லை. பூசைக்கு ஒன்று போதும், ஒன்பதாவதைத் திறக்க வேண்டாம் என்று சாமியார் முடிவு செய்தார். எட்டாவதின் வாயில் புது மெழுகு ஊற்றப்பட்டது. அப்பா ஒன்பதாவதை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனார். மூன்று நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய சாமியார் பூசைப் பாத்திரத்தில் இருந்த ரசத்தைப் பற்றித்தான் முதலில் பேசினார். வாய் நிறையச் சிரிப்போடு அப்பாவின் தோளைப் பிடித்து, என் திராட்சையை நீ காப்பாற்றிவிட்டாய் என்றார். நான் தூணருகே நின்றிருந்தேன். அப்பா கையைக் கூப்பினார்.

"ஏழு கெட்டது என் மரியாதையாலங்க, சாமி. ரெண்டு பொழச்சது எம் மக தப்பால."

முதியவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் மீதியிருப்பதைக் காட்டச் சொன்னார். அப்பா எங்களைப் படிக்கட்டின் அடிக்கு அழைத்துப் போய் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். ஈர மணலில் ஒன்பதாவது புட்டி படுத்திருந்தது. அதன் கழுத்துக்குக் கீழே, நாலாக மடித்த அப்பாவின் தோள்துண்டு இருந்தது.