ஏலக்காய் ஸ்டோரில் ஒரு காமிக்ஸ்

எங்கள் வீட்டில் பத்துக்கு ஒன்பது வாங்கியது ஒரே ஒரு ஜீவன்தான். நானில்லை, என் மகளுமில்லை. கூடத்து அலமாரியில், கண்ணாடி போல் தெளிந்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு பழைய தமிழ் காமிக்ஸ் புத்தகம். அதன் பக்கத்தில், அதே மாதிரிப் பெட்டிக்குள், அதற்கு முந்தைய மாதத்து இதழும் நின்றிருந்தது. அது ஏழரைதான் வாங்கியிருந்தது. குடும்பத்தில் ஒரு பிள்ளை சுமாராக இருப்பது சகஜம்தானே.

மதிப்பெண் போட்டவர் கடல் கடந்த நாட்டில் இருக்கும் ஒரு நிபுணர். பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் புத்தகத்தைப் பொட்டலம் கட்டி அங்கே அனுப்புகிறார்கள். அட்டையின் முனை மடங்கியிருக்கிறதா, நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா, தாள் எவ்வளவு பழுத்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து அவர் பத்துக்கு இத்தனை என்று போடுகிறார். பிறகு புத்தகத்தை ஒரு மெல்லிய உறையில் போட்டு, உறையைப் பெட்டிக்குள் வைத்து, தலைமாட்டில் மதிப்பெண் சீட்டையும் செருகி, நாலு பக்கமும் ஒட்டி மூடிவிடுகிறார்கள். சேர்ப்பவர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். உடைக்காமல் திறக்க முடியாது. உடைத்தால் மதிப்பெண் செல்லாது.

இரண்டையும் என் கணவர் வாங்கிக்கொண்டு வந்த அன்று, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அந்த வெளிநாட்டுக்காரருக்குத் தமிழ் தெரியுங்களா?"

"அது எதுக்குத் தெரியணும்? கதைக்கா மார்க்கு போடுறாக? கண்டிஷனுக்கு."

"கதை நல்லா இருக்குங்களா?"

"அது தெரியலையே."

விற்ற கோயம்புத்தூர்க்காரரும் படித்ததில்லையாம். விரித்துப் படித்தால் முதுகில் கோடு விழும், அரை மதிப்பெண் போய்விடும். அவருக்கு விற்றவர் அவற்றை டிரங்குப் பெட்டியை விட்டே எடுத்ததில்லையாம். ஆக, படிக்காமல் இருப்பதில் மிகுந்த அக்கறை கொண்ட பெரிய மனிதர்கள் வரிசையாகக் கைமாற்றி, அந்தப் புத்தகங்கள் உடும்பஞ்சோலைப் பக்கத்து மலையில் உரக்கடைக்காரரான இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. இவர் ஒருவர்தான் ஏழரையைப் பாதி படித்தவர். "சின்னப் பிள்ளையில சலூன்ல வச்சுப் பாதி படிச்சேன். அதுக்குள்ள நம்ம முறை வந்துருச்சு. அடுத்த மாசம் போனா புத்தகத்தக் காணோம்" என்று பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

நான் கோயம்புத்தூர்ச் சீமையை ஒட்டிய மீனாட்சிபுரத்துப் பக்கம் பிறந்தவள். முதுகலை வரை படித்துவிட்டு, படித்ததை எல்லாம் குழந்தை வளர்ப்பில் கவலைப்படுவதற்குப் பயன்படுத்துகிறவள். குழந்தை தும்மினால் கைப்பேசியில் மூன்று இடத்தில் தேடிவிட்டு, மூன்றும் வேறு வேறாகச் சொன்னால் நாலாவதாக ஒன்றைத் தேடுவேன். என் மகளுக்கு ஆறு வயது. எங்கள் மலை மலையாள தேசத்தில் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் உண்டு, மலையாளம் உண்டு. தமிழை வீட்டில் சொல்லிக் கொடுப்பது என் கடமை என்று நானே எழுதாத சட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வண்ண அட்டைகளும் பயிற்சிப் புத்தகங்களும் வாங்கி வைத்திருந்தேன். அவள் அவற்றைக் கொண்டு பொம்மைக்கு வீடு கட்டினாள்.

தமிழ் அவளுக்கு வந்தது ஏழரையின் அட்டையிலிருந்துதான். அட்டையில் ஒரு மனிதன் மலைப்பள்ளத்துக்கு மேலே போகும் கம்பி வடத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். மறு கையில் ஒரு சின்னப் பெட்டி. கீழே பாறையும் ஆறும். மூலையில் மஞ்சள் கட்டத்துக்குள் 'முழு நீளச் சாகசம்' என்று போட்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, பிளாஸ்டிக்கின் மேல் விரலை வைத்து, மு, ழு, நீ என்று எழுத்துக் கூட்டினாள். 'ழ'வை அவள் வாயிலிருந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அடுத்த நிமிடமே கவலையும் வந்தது.

"அம்மா, அந்த மாமா கீழ விழுந்துட்டாரா?"

"இல்லடா கண்ணு, தப்பிச்சிருப்பார்."

"நீ படிச்சியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

கடமை தவறாத தாய்க்குப் பொய் சொல்ல வராது. இந்த நல்ல குணத்தால் எங்கள் வீட்டுக்கு விளைந்த நன்மை என்னவென்றால், மகள் விடையைத் தானே கண்டுபிடிக்கக் கிளம்பினாள். ஜன்னல் கம்பியில் ஒற்றைக் கையால் தொங்கினாள். கேட்டில் தொங்கினாள். பள்ளி வேனின் மேல்கம்பியில் தொங்கியதாக டிரைவர் வீடு தேடி வந்து புகார் சொன்னார். மறு கையில் எப்போதும் ஒரு டிபன் பாக்ஸ். "ஒரு கையில எவ்வளவு நேரம்மா தொங்க முடியும்? பெட்டியக் கீழ போட்டா ரெண்டு கையும் புடிக்கலாம்ல? ஏன் போட மாட்டேங்கறாரு?" நியாயமான கேள்விகள். நானோ எலும்பு முறிவைப் பற்றித் தேட ஆரம்பித்திருந்தேன். ஏழரை இருந்த பெட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவள் திருப்பி வைத்தாள். கணவரிடம் சொன்னேன். "முடிவு தெரிஞ்சாப் போதும்ங்க, தொங்கறத விட்டுருவா."

"அதுக்கு? ஏழரைய உடைக்கச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"கம்பிக்குக் கீழ மெத்தையப் போடு."

மெத்தையைப் போட்டேன். மகளுக்குக் கைகால் மட்டும்தான், மதிப்பெண் சீட்டு எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்றும் அன்று எனக்குத் தோன்றியது. எனக்கு எல்லாமே சரியென்றுதான் முதலில் தோன்றும்.

பிறகு மழைக்காலம் வந்தது. எங்கள் மலையில் மழை வெளியே மட்டும் பெய்வதில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், துவைத்த துணி நாலு நாள் கழித்தும் துவைத்த மாதிரியே இருக்கும். ஒட்டி மூடிய பெட்டிக்குள் காற்றே புகாது என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் துடைக்கப் போனால், ஏழரையின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. தொங்கும் மனிதனின் முகமே தெரியவில்லை. கணவர் உரக் கம்பெனிக் கூட்டத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். போன் போட்டேன்.

"ஏனுங்க, பெட்டிக்குள்ள பனி புடிச்சிருக்குதுங்க."

"எதுல? ஒன்பதுலயா?"

"ஏழரைங்க."

"அப்பாடா. சரி, அதையும் விட்ரக் கூடாது. சூடா, காய்வா இருக்க எடத்துல கொஞ்ச நேரம் வையி. துணி சுத்தி வையி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் சூடாகவும் காய்வாகவும் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஏலக்காய் ஸ்டோர். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் அடைத்த அறை. ஒரு பக்கம் அடுப்பு எரியும், அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வரும், மேலே அடுக்கடுக்காகத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். பறிப்புக் காலத்தில் எல்லார் வீட்டுக் குழந்தைத் துணியும் கம்பளியும் அங்கேதான் காயும். ஊரில் பாதிக் குழந்தைகள் பாயச வாசனையோடு திரிவது அதனால்தான். பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொந்தமாக ஸ்டோர் இருக்கிறது. போடியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன்.

"என்ன தாயி அது?"

"காமிக்ஸ் புத்தகமுங்கணா. ஏழரை."

"ஏழரையா? சனியனக் கொண்டாந்து எங்க ஸ்டோருக்குள்ள விடுறீகளா?"

"மார்க்குங்கணா. பத்துக்கு ஏழரை."

"அப்பப் பாசுதான. அந்தா, அடித்தட்டுல எடம் கெடக்கு. வச்சுட்டுப் போங்க."

"குழாய்க்குப் பக்கத்துல ரொம்பச் சூடா இருக்காதுங்களா?"

"போன வாரம் அந்தத் தட்டுலதான் வாத்தியாரு ஷூ காஞ்சுச்சு. ஷூ என்ன செத்தா போச்சு? மாட்டுக்கும் 'ங்க' போடுற ஊர்க்காரகளுக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவ கேக்கணும்."

ரெண்டு தடவை என்றது குறைவான மதிப்பீடு. வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் திரும்பப் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பனி விலகத் தொடங்கியிருந்தது. மறுபடியும் போனேன். "கதவத் தெறந்து தெறந்து மூடுனா காய் நெறம் போயிரும் தாயி" என்று அண்ணன் இந்த முறை சிரிக்காமல் சொன்னார். அடுத்தவர் வீட்டுக் காய் என்னால் நிறம் மாறினால்? மூன்றாவது முறை போகவில்லை. வாழ்க்கையில் நான் சந்தேகத்தை அடக்கிக்கொண்ட ஒரே மத்தியானம் அது.

சாயங்காலம் போனபோது பனி சுத்தமாக இல்லை. பெட்டியும் பெட்டியாக இல்லை. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கத்து ஒட்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. உள்ளே, மெல்லிய உறையில் புத்தகம் சௌக்கியமாக இருந்தது. தொங்கும் மனிதனின் முகம் பளிச்சென்று தெரிந்தது. வளைந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் லேசாகச் சிரிப்பதுபோலக்கூட இருந்தான்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்சா நேராயிரும்" என்றார்.

உடனே கணவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மறுநாள் வந்து இறங்கியவர் சாப்பிடாமல், சட்டையை மாற்றாமல், பெட்டியை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மளமளவென்று அனுதாபம் வந்து குவிந்தது. அவருடைய சித்தப்பா தவறியபோது இதில் பாதி வரவில்லை. 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒருவர். 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஒன்பது பத்திரமா?' என்று இன்னொருவர். ஏலக்காய் ஸ்டோர் என்றால் என்ன என்று சென்னைக்காரர் ஒருவர் கேட்டார். கடைசியில் குழுவின் பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: ஒட்டு விட்டதும் மதிப்பெண் போய்விட்டது.

நான் சமையலறை வாசலில், எதற்கும் இருக்கட்டும் என்று, குற்றவாளி முகத்தோடு நின்றேன். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"முடிஞ்சது. இனிமே இது வெறும் புத்தகந்தான்."

மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அப்ப படிக்கலாமாப்பா?"

இந்தக் கேள்வி குழுவில் இதுவரை வந்ததே இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "கையக் கழுவிட்டு வா" என்றார்.

மூவரும் கழுவினோம். நான் எல்லாரையும் இரண்டாம் முறை கழுவ வைத்தேன். சுத்தமான துண்டை விரித்து, வளைந்த பெட்டியிலிருந்து புத்தகத்தை உருவினால் கூடம் முழுக்க ஏலக்காய் மணம். மகளை மடியில் வைத்து நான் உரக்கப் படித்தேன். கணவர் பின்னால் நின்று, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்போல் எட்டிப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால் சுமாரான கதை. துப்பறிகிறவர் நாலு பக்கம் முகச்சவரம் செய்தார். சிவப்பு மை இடம் தவறி விழுந்ததில் எல்லாருக்கும் உதடு கன்னத்தில் இருந்தது. நடுப்பக்கம் வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லு. இங்கதான். இந்தப் படத்துலதான் சலூன்காரரு 'தம்பி வா'ன்னு கூப்புட்டாரு."

அதற்குப் பிறகு பின்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் படிக்கும் வேகம் போதவில்லை என்று தாளைத் திருப்பக் கை நீட்டினார். மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். திருடன் ஓடினான், பெட்டி கைமாறியது, கம்பி வடம் வந்தது. கடைசிப் பக்கம், கடைசிப் படம். அந்த மனிதன் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே பாறை, ஆறு. அதற்கும் கீழே: 'அவன் பிழைத்தானா? அடுத்த இதழில்!'

மகள் அட்டையைத் திருப்பி மஞ்சள் கட்டத்தில் விரலை வைத்தாள். "முழு நீளம்னு போட்டிருக்கே! பொய்யி!" எழுந்து விறுவிறுவென்று போய், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் ஒற்றைக் கையால் தொங்கினாள். மெத்தையை நான் அன்று காலையில்தான் வெயில் வந்தால் காயட்டும் என்று எடுத்திருந்தேன். வெயில் வரவில்லை. மழைச் சாரலில் கம்பி முழுக்க ஈரம்.

"ஏனுங்க" என்றேன்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அடுத்த மாதத்து இதழ், ஒன்பது, நிமிர்ந்து நின்றது. எழுந்து போய் அதை இரண்டு கையாலும் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரு. இதுலயும் உள்ள லேசா பனி புடிச்ச மாதிரித் தெரியுதில்ல?"

வாங்கிப் பார்த்தேன். பொய் சொல்ல வராதவள் என்பதால் நன்றாகவே பார்த்தேன். நிபுணர் மூடிய நாளில் இருந்தபடியே, துளி ஈரமில்லாமல், நீரோடை மாதிரித் தெளிவாக இருந்தது.

"நெறையாவே புடிச்சிருக்குதுங்க" என்றேன்.

"ஸ்டோர்ல அடுப்பு எரியுதா?"

"எரியுதுங்க."

மகள் கம்பியை விட்டு இறங்கினாள். டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, மூலையிலிருந்து குடையை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அடித்தட்டுலதான் வைக்கணும்ப்பா. அங்கதான் நல்லா வளையும்."