பின்சக்கரத்துக்குப் பாரம்

என்னுடைய பிக்கப் வண்டிக்குப் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் இழுவை. சிதம்பரத்தில் வாங்கிய அன்றைக்கே மெக்கானிக் சொன்னார், இது தார் ரோட்டில் ராஜா, மணலில் பிச்சைக்காரன் என்று. நான் தார் ரோட்டில் பிழைக்கிறவன். சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலி டிரம் ஏற்றிக்கொண்டு போவேன், திரும்பும்போது கடலூரில் கிடைத்த லோடு. மீனவர் வீட்டில் பிறந்த நான் லைசென்ஸ் எடுத்ததே கடல் பக்கம் போகாமல் இருப்பதற்குத்தான்.

2004 மார்கழியில் சுனாமி வந்து ஒன்றரை வருஷம் கழித்து அக்கா போன் செய்தாள். அவளைப் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். சுனாமி அன்று காலை கடலுக்குள் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த மாமா, அக்காவின் புருஷன், போய்விட்டார். அவருடைய ஃபைபர் படகை அலை தூக்கிக்கொண்டுபோய் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தது. அடி பிளந்து கிடந்த அதைக் கடலூர் துறைமுகத்துப் பட்டறையில் சரிசெய்து முடிக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

"போட்டு ரெடியாயிடுச்சாம்டா. நீதான் இழுத்துக்கிட்டு வரணும்" என்றாள்.

"என் வண்டி மணல்ல போவாதுக்கா."

"போவலன்னா உன் மச்சான் கேரளாவுக்குப் போயிடுவான்."

மச்சான் என்றது மாமாவின் தம்பியை. கேரளாவில் கூலிக்குக் கடலில் இறங்கப் பேசி வைத்திருந்தான். படகு வந்தால் இங்கேயே தொழில் செய்வதாகச் சொல்லியிருந்தான். அவன் அந்தப் படகில் போனால், பிடிக்கிற மீனில் படகுக்கான பங்கு அக்கா வீட்டுக்கு வரும். அவன் ரயிலேறிவிட்டால் படகு வெயிலில் கிடந்து வெடிக்க வேண்டியதுதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டபோதெல்லாம், "உன் பொண்டாட்டி வைக்கிற கொழம்ப நீ ஒருத்தன் சாப்பிடுறது பத்தாதா?" என்று சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்குத் தன் வீட்டில், தன் அடுப்பில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

படகு ஏற்றும் டிரெய்லர் எங்கள் பக்கம் யாரிடமும் கிடையாது. சேத்தியாத்தோப்பில் கரும்பு ஏற்றுகிற டயர் மாட்டுவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் படகைக் கிடத்திக் கட்டி, மாடு பூட்டுகிற ஏர்க்காலை என் வண்டியின் பின்கொக்கியில் மாட்டினோம். கடலூரிலிருந்து குப்பத்துக்குத் தார் ரோட்டில் பயமில்லாமல் வந்தேன். எதிரே வந்த பஸ்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். பிரேக் போட்டால் படகு முதுகில் வந்து இடிக்கும் என்பதால் மெதுவாகவே ஓட்டினேன்.

வம்பு குப்பத்தில்தான் ஆரம்பித்தது. கடலில் இறக்கப்போகிற படகை வெறுமனே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே வழக்கம். கோயில் முன்னால் நிறுத்தச் சொல்லி, பூசை போட்டு, எஞ்சினையும் வலையையும் ஐஸ் பெட்டியையும் படகில் ஏற்றிவிட்டார்கள். எல்லாம் அதனதன் இடத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில். பின்னால் பாரம் ஏறினால் முன்னால் ஏர்க்கால் தூக்கும். ஏர்க்கால் தூக்கினால் என் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து தூக்கும். இழுக்கிற சக்கரமே தரையில் பதியாவிட்டால் எதைக் கொண்டு இழுப்பது? சொன்னேன். பூசை போட்டு ஏற்றியதை இறக்க மாட்டோம் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. அக்கா முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வெறும் மணல். வண்டி கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துவிட்டது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தேன். கிடைத்த சாக்குகளில் மணல் அள்ளி வண்டியில் போட்டோம். சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்ததே தவிர நகரவில்லை. ஆண்களெல்லாம் படகைச் சாயாமல் பிடிக்கவும் தள்ளவும் வேண்டியிருந்தது. அதனால் பெண்களை வண்டியில் ஏறச் சொன்னேன். ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது.

"இன்னும் ஆள் வேணும்" என்று கத்தினேன்.

யாரும் வரவில்லை. அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். தோப்பு ஓரத்தில் ஐந்து பெண்கள் தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் அந்த அலையில் புருஷனைக் கொடுத்தவர்கள். படகு இறங்கும்போது தாலியில்லாதவர்கள் எதிரே வரக் கூடாது என்பதால் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா. அவள் படகு கடலுக்குப் போவதை அவள் தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப்போய் ஊர்ப் பெரியவரிடம், "பெரியவரே, அவுங்களையும் ஏறச் சொல்லுங்க. வேற வழியில்ல" என்றேன்.

"வண்டி உன்னுது. கடலுக்குப் போற உசுரு உன்னுதா?" என்றார். நான் கடலுக்குப் போகாதவன்.

படகின் பக்கத்தில் தோள் கொடுத்து நின்ற மச்சான் நிமிர்ந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தான்.

"அண்ணி, வந்து ஏறுங்க. அவுங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."

அக்கா அசையவில்லை. "வேணாம்டா. நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலையிலதான் விழும்."

"ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அது உங்களால இல்லன்னு சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன். அதான் இருக்கறப்பவே எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஏறுங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஐந்து பேரும் வந்தார்கள். முன்பே ஏறியிருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். பின்கதவு ஓரம்தான் காலியாக இருந்தது, சக்கரத்துக்கும் அங்கேதான் பாரம் வேண்டியிருந்தது. அக்கா படகின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். நான் கிளட்சை மெல்ல விட்டேன். சக்கரம் ஒருமுறை வழுக்கியது, பிறகு பிடித்தது. அப்புறம் நிற்கவேயில்லை. நிறுத்த எனக்குத் துணிச்சலும் இல்லை. ஈர மணல் வரைக்கும் ஒரே கியரில் போனேன்.

அங்கே நான் வட்டமடித்துப் படகைக் கடல் பக்கம் திருப்பினேன். கட்டுகளை அவிழ்த்து, எல்லோருமாகத் தண்ணீரில் தள்ளினார்கள். மச்சானும் கூட ஒருவனும் ஏறி எஞ்சினைக் கிளப்பி அலையைத் தாண்டினார்கள். எஞ்சினைச் சோதித்து ஒரு சுற்று வந்துவிட்டுக் கரைக்கு வருவதாகப் பேச்சு.

மற்ற பெண்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அந்த ஐந்து பேர் இறங்கவில்லை. தோப்பு நிழலுக்காவது போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வண்டியில் உட்கார்ந்தபடி கடலையே பார்த்தார்கள். படகு சின்னதாகி, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போனது. கரையில் இருந்த ஆண்கள் தண்ணீரைப் பார்த்ததைவிட என் வண்டியைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. அவன் திரும்பாவிட்டால் அக்கா இந்தக் குப்பத்தில் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வெகுநேரம் கழித்துத் தெற்கே எஞ்சின் சத்தம் கேட்டது. படகு தெரிந்ததும் அவர்களில் மூத்தவள் எழுந்து நின்று, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு தலை இருக்குது" என்றாள். "போன ரெண்டு பேரும் இருக்காங்க."

மற்ற மூன்று பேரும் அக்காவைத் தொட்டார்கள், கையை, தோளை, தலையை. அக்கா வண்டியைக் கையால் தட்டினாள். இறக்கிவிடப் போன என்னிடம், "வண்டிய எடுடா. அவனுக்குச் சோறு போடணும்" என்றாள்.