மாயாண்டியின் பதினேழு நாள் பல்வலி

ஈப்போப் பக்கம் புந்தோங்கில் மாயாண்டியிடம் ஒரு சேதியைச் சொல்லிவிட்டுப் பாசாருக்குப் போனால், மீன் வாங்கித் திரும்புவதற்குள் அந்தச் சேதி ஊரைச் சுற்றி வந்து நம்மிடமே புதுசாய்ச் சொல்லப்படும். அப்படிப்பட்ட வாய். கெட்ட வாய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருத்தரைப் பற்றியும் அவர் பொல்லாங்கு பேசியதில்லை. காதில் விழுந்தது வாய் வழியே போய்விடும், அவ்வளவுதான்.

அந்த மனுஷன் பதினேழு நாள் வாயைத் திறக்காமல் இருந்தார் என்றால் புந்தோங்கில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான்.

மாயாண்டி பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பதினைந்து வயதில் கத்தியை எடுத்துக்கொண்டு பால்மரம் வெட்ட இறங்கினார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாய் நிற்கும்போது தோட்டக் கணக்கரான கிராணி பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். மாயாண்டி நாற்பத்தேழு. இருபது வருஷம் நாற்பத்தேழாகவே இருந்தார். பிறகு தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். புந்தோங்குக்கு வந்து டயர் கடையில் சில வருஷம், பிளாஸ்டிக் ஃபேக்டரியில் சில வருஷம், இப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் ஜாகா வேலை. கதவருகே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலச் சட்டையில் கம்பெனி பேர் தைத்திருக்கிறது. அவர் பேர் இல்லை.

பேர் விஷயத்தில் அவருக்கு மனசுக்குள் ஒரு குறை உண்டு. அதற்குக் காரணம் மச்சான் கனகராஜ். மனைவி விமலாவின் அண்ணன், லாரி சாமான் கடைக்காரர், மாரியம்மன் கோயில் செயலாளர். கோயிலில் எந்த டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தாலும் சிவப்பு எழுத்தில் 'உபயம்: கனகராஜ்' என்று இருக்கும். எழுத்து பெரிசு, அதனால் வெளிச்சம் பாதிதான் கீழே வரும். காற்றாடிக்குக்கூட விடவில்லை, றெக்கைக்கு ஓர் எழுத்து எழுதச் சொன்னார். றெக்கை மூன்றுதான் என்பதால் பேர் 'கனக' என்பதோடு நின்றுவிட்டது.

"நாலு பேரு பாக்கிற எடத்துல ஒம்பேரு எங்கயாச்சும் இருக்கா மாப்பிள?" என்று கனகராஜ் கேட்பார்.

"ஐசி கார்டுல இருக்கு மச்சான்."

"அத போலீஸ்காரன்தான் பாப்பான் லா."

இது வாராவாரம் நடக்கும். மாயாண்டியும் சிரித்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளை ஒரு மாதிரி முறுக்குவார்.

விமலாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் பண்ணப் போக வேண்டும். அதற்காக வலது நெஞ்சின் மேல்பக்கம், தோள் எலும்புக்குக் கீழே, ஒரு குழாய் வைத்திருந்தார்கள். குழாய் போகும் இடத்தில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் கிருமி உள்ளே போய்விடும். ஏழு மாதமாக அவள் தலைக்கு ஊற்றவில்லை. பேசினைக் குனிந்து பிடித்துக்கொள்வாள், மாயாண்டி குவளையால் பின்மண்டையில் மட்டும் ஊற்றுவார். அது குளியலா? தலையிலிருந்து கால்வரை தண்ணீர் இறங்கினால்தான் குளியல். விமலா அப்படித்தான் சொல்வாள். அவள் சொன்னது சரி.

மாயாண்டி காவல் இருந்த கட்டடத்தில் டாக்டர் மாதுமை என்று ஒருவர். ஈப்போவிலேயே பிறந்த சிலோன்காரப் பெண், இயந்திரப் படிப்பில் டாக்டர். மருத்துவ டாக்டர்களோடு சேர்ந்து, விமலா மாதிரி நெஞ்சில் குழாய் வைத்தவர்கள் குளிப்பதற்கு ஒரு மூடி செய்துகொண்டிருந்தார். ஜாகா கொட்டகைக்குப் பின்னால்தான் குழாயடி. அங்கே ஒரு பிளாஸ்டிக் பொம்மையை நிற்க வைத்து, நெஞ்சில் மூடியை ஒட்டி, தலையில் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். ஒவ்வொரு முறையும் மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். பசையை மாற்றினார்கள். இன்னும் கெட்டியாய் ஒட்டினார்கள். அப்போதும் போனது.

மூன்று வாரம் மாயாண்டி பார்த்தார். நாலாவது வாரம் தாஹான் பண்ண, பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"டாக்டரம்மா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அண்ணே."

"நீங்க தண்ணிய வராதேங்கிறீங்க. அது எப்படிக் கேக்கும்? வரட்டும் லா. போறதுக்கு ஒரு பாதை குடுங்க."

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மழை பெய்தால் தண்ணீர் மரத்தோடு ஒட்டி இறங்கி, வெட்டில் விழுந்து, கீழே கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பாலைக் கெடுத்துவிடும். அதனால் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு பட்டை கட்டுவார்கள். மட்டமாய்க் கட்டினால் தண்ணீர் தேங்கி, பின்னால் புகுந்துவிடும். ஒரு பக்கம் உயர்த்தி, ஒரு பக்கம் தாழ்த்தி, கத்தி போகிற சரிவிலேயே கட்டி, உள்பக்கம் விளிம்பை மடித்துவிட வேண்டும். மடிப்புக்குள் விழுந்த தண்ணீர் தானாக ஓடி, மரத்துக்கு அந்தப் பக்கம் சொட்டிவிடும்.

மறுநாளே மச்சான் கடையில் பழைய லாரி டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் வெட்டி, மடித்து, ஒட்டி, குதிரை லாடம் போல ஒன்று செய்து எடுத்துப் போனார். பொம்மையின் நெஞ்சில் மூடிக்கு மேலே அதை வைத்தார்கள். தண்ணீரைத் திறந்தார்கள். தண்ணீர் லாடத்தின் மடிப்பில் விழுந்து, நல்ல பிள்ளையாய் ஓடி, பொம்மையின் விலாப் பக்கம் சொட்டியது. மூடிக்கு உள்ளே வைத்த தாள் காய்ந்தே இருந்தது.

டாக்டர் மாதுமை அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தது.

அதன் பிறகு நல்ல ரப்பரில், அளவெடுத்து, அவர்களே புதுசாய்ச் செய்தார்கள். டியூப்பில் செய்தது மாயாண்டி வீட்டு அடுப்படி ஆணிக்குத் திரும்பியது. ஒருநாள் டாக்டர் அவரை மேலே கூப்பிட்டார். அங்கே ரஜீவ் என்று கழுத்துப்பட்டை கட்டிய ஓர் அதிகாரி, அவரும் சிலோன்காரர். பல்கலைக்கழகத்துக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தருவதுதான் அவர் வேலை.

"நாங்க கண்டுபிடிச்சம், வேற ஆரும் இதை எடுத்துச் செய்யேலாது எண்டு அரசாங்கத்துல பதியறது, அண்ணே. கண்டுபிடிச்சவங்க பட்டியல்ல நாலு பேர். நீங்க ஒராள்" என்றார் ரஜீவ்.

"எம்பேரா? முழுப் பேரா?"

"மாயாண்டி அனாக் லெலாக்கி பிச்சைமுத்து. அப்பா பேரோட."

மாயாண்டி அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாற்பத்தேழு என்று கூப்பிட்ட கிராணி உயிரோடு இருக்கிறாரா என்று யோசித்தார்.

"ஒண்டே ஒண்டு" என்றார் ரஜீவ். "இருபதாம் தேதி பதிவு. அதுவரைக்கும் வெளியாள் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஊருக்கே தெரிஞ்ச சாமானைப் புதுக் கண்டுபிடிப்பு எண்டு எழுத முடியாது. முன்னமே வெளியில தெரிஞ்சாலும் நம்ம நாட்டுல ஒரு வருஷம் மன்னிச்சு விடுவினம். வெளிநாடு பலதுல மன்னிப்பு இல்ல. காப்புரிமை கெட்டுப் போனா எந்த ஃபேக்டரியும் செய்ய வராது."

மாயாண்டி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று ஒன்றாம் தேதி.

பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? வாயைத் திறந்தால் முதலில் இந்தச் சேதிதான் விழும் என்று அவருக்கே தெரியும். அதனால் திறக்கவே இல்லை. தேத்தண்ணிக் கடையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்வலி என்று தெரு நினைத்துக்கொண்டது. ஒருத்தர் கிராம்பு கொடுத்தார், ஒருத்தர் உப்புத் தண்ணீர் என்றார். பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி அக்கா கொண்டுவந்த கஷாயத்தை, உண்மையில் வலி இருந்திருந்தாலும் குடித்திருக்க மாட்டார். குடித்தார்.

"என்னா மாப்பிள, ஒரு வாரமா ஊரே அமைதியா இருக்கு? பல்லப் புடுங்கிடாத. நல்லாத்தான் இருக்கு" என்றார் கனகராஜ்.

மாயாண்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முறைத்தார். முறைக்கத்தானே முடியும்.

பன்னிரண்டாம் தேதி, புது லாடத்தை மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். விமலாவும் பேர் கொடுத்திருந்தாள். நாலு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய கண் குளியலறைக் கதவில் இருந்தது. தாதி பக்கத்தில் நிற்க, தலையில் தண்ணீரைத் திறந்தார்கள். குழாய் வைத்த இடம் காய்ந்தே இருந்தது. வெளியே நின்ற மாயாண்டிக்கு உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. போதும் என்று தாதி மூன்று தடவை சொன்ன பிறகுதான் வெளியே வந்தாள்.

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து மாயாண்டி கோயில் முச்சந்தியில் திரும்பும்போது ஒலிபெருக்கியில் பூசாரியின் குரல் கேட்டது.

"புந்தோங் மாயாண்டி, விமலா தம்பதியர், நேர்த்திக்கடனாக அம்மனுக்கு... அம்மனுக்கு... ஒரு ரப்பர் சாமான் உபயம்."

ஐம்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேர் ஊர் முழுக்கக் கேட்டது. 'ரப்பர் சாமான்' என்றதும்தான் உறைத்தது. மோட்டார் சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடினார். கை சுகமானால் வெள்ளிக் கையும், கண் சுகமானால் வெள்ளிக் கண்ணும் வைப்பது அந்தக் கோயில் வழக்கம். விமலா வெள்ளிக்குப் போகாமல் அடுப்படி ஆணியில் தொங்கிய டியூப் லாடத்தையே கொண்டுவந்து அம்மன் கழுத்தில் போடச் சொல்லியிருந்தாள். முன்னால் நின்று ஒரு பையன் ஃபேஸ்புக்குக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தீபாராதனை முடிந்ததும் லாடம் வெள்ளிச் சாமான்களோடு அலமாரிக்குள் போய்ப் பூட்டாகிவிட்டது.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?" பதினான்கு நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"தலைக்கு ஊத்தினா அந்தச் சாமானையே கொண்டாந்து வைக்கிறேன்னு வேண்டியிருந்தேன். வச்சேன்."

"வெளிய தெரியக்கூடாதுன்னு சொன்னாங்க."

"யார்கிட்ட சொன்னாங்க?"

"எங்கிட்ட."

"நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்களே."

விமலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ரகசியத்தைக் காத்தார், சரி. அது ரகசியம் என்பதையுமா காப்பார் ஒரு மனுஷன்?

மாயாண்டிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இருபதாம் தேதி பேர் பதிவாகிவிடும். சொன்னால் பேரை அடித்துவிடுவார்களோ என்னவோ. வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு அந்த இரண்டு நாள்தான் சுலபமாக இருந்தது.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் விமலா ஞாயிற்றுக்கிழமை. "பேரு போனாப் போவுது. மறைச்சுப் பதிஞ்சு, பின்னால கெட்டுப் போய், ஃபேக்டரிக்காரன் வரலன்னா? என்னோட மிஷின்ல ஒக்கார்றவங்க பதினொரு பேரு. அதுங்களும் தலைக்கு ஊத்தணும்ல?"

பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலையில் மாயாண்டி ரஜீவின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அடைத்துக் கிடந்த வாய் அல்லவா, கஷாயம் குடித்தது வரைக்கும் சொன்னார். டாக்டர் மாதுமை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ரஜீவ் கணினியில் கோயில் பக்கத்தைத் திறந்தார்.

பதினான்கு படங்கள். முதல் படத்தில் அம்மனுக்கு முன்னால் கனகராஜ், கைகூப்பி. இரண்டாவதில் கனகராஜ் தட்டைத் தொட்டபடி. மூன்றாவதில் பக்கவாட்டில் நின்ற கனகராஜ், அவருக்கு முன்னால் அவருடைய வயிறு.

"ஆர் இந்த மனுஷன்?"

"என் மச்சான் சார். போட்டோன்னா முன்னால வந்துடுவாரு."

பதினான்கையும் பெரிசாக்கிப் பார்த்தார்கள். அம்மன் முகம் தெரிந்தது, பூமாலை தெரிந்தது. லாடம் இருக்க வேண்டிய இடத்தில் கனகராஜின் தலையோ தோளோ மறைத்திருந்தது. ஒரே ஒரு படத்தில் அவர் காதுக்குப் பக்கத்தில் கறுப்பு விளிம்பு விரலளவு. உள்மடிப்பு எதிலும் இல்லை.

ரஜீவ் அதோடு விடவில்லை. மதியமே கோயிலுக்குப் போய்ப் பூசாரியை விசாரித்தார். பூசாரி சொன்னது இதுதான்: "டியூப்ப வெட்டிக் குடுத்தாங்க சார். என்னான்னு தெரியல. கறுப்பா அசிங்கமாத் தெரியுமேன்னு பூமாலைக்கு அடியில வச்சேன்."

திரும்பி வந்ததும் ரஜீவ் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "உள்ள இருக்கிற பாதையை ஒருத்தரும் பார்க்கேல்ல. இருபதாம் தேதி வரைக்கும் ஏன் காத்திருக்கோணும்? இண்டைக்கே பதிஞ்சிடுவம்."

"எம்பேரு?" என்றார் மாயாண்டி, மெதுவாக.

"கண்டுபிடிச்சது நீங்கதானே. வாய் ஓட்டை எண்டு பேரை எடுக்கச் சட்டத்துல இடமில்ல" என்றார் டாக்டர் மாதுமை.

மாலை நாலரைக்குப் பதிவானது. நாலே முக்காலுக்குப் புந்தோங்கில் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். மாயாண்டி தொலைபேசியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு சட்டங்கள் தொங்குகின்றன. ஒன்றில் பதிவுத் தாளின் நகல். மூன்றாவது வரியில் அப்பா பேரோடு அவர் பேர். மற்றதில் அந்த மூன்றாவது படம், பெரிசாய் எடுத்தது. தாளுக்குச் செய்ததைவிடப் படத்துக்குத்தான் நல்ல சட்டம், தங்க விளிம்பு வைத்தது. விமலா அப்படித்தான் வேண்டும் என்றாள்.

கனகராஜ் வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். கண் கொஞ்சம் கலங்கியது.

"எம்மேல இவ்ளோ பாசமா மாப்பிள?"

"நீ இல்லன்னா எங்களுக்கு ஒன்னுமே இல்ல மச்சான்" என்றார் மாயாண்டி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"பக்கத்துல என்னா அது, ஏதோ கெர்தாஸ்?" என்று பதிவுத் தாளைக் காட்டினார் கனகராஜ்.

மாயாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, மச்சானை உட்கார வைத்து, பால்மரத்தில் ஆரம்பித்தார். கனகராஜ் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றியது. கண் மட்டும் தங்கச் சட்டத்தை விட்டு நகரவில்லை. உள்ளே விமலா தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்பதாய் இல்லை.