பத்து பேருக்கு அனுப்பிய எஸ்.எம்.எஸ்.

விஷக்காய்ச்சல் பரவிய ஆடி மாதத்தில் என் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. 'இது அம்மன் கோபம். கூழ் ஊற்றக் காப்பு கட்டியவர்கள் ஊசி போட்டால் உயிர்ச்சேதம். பத்து பேருக்கு அனுப்பவும்.' கண்ணில் ஒற்றிக்கொண்டு அனுப்பினேன். திருவொற்றியூரில் இருக்கும் என் தங்கைக்கும் போனது.

காப்பு கட்டியிருந்த அவள் கணவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, அதைக் காட்டித் தடுத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் இறந்துவிட்டார்.

சாவு வீட்டில் கட்டிக்கொள்ளப் போன என்னைத் தள்ளிவிட்டாள். "ஊசி போட்டுகினு வந்துர்றேன்டின்னு கெஞ்சினாருக்கா. நீ அனுப்சியேன்னு நான்தான் வேணான்னேன். மீதி ஒன்பது வூட்லயும் போய்ப் பாரு, எத்தினி பேரு உசுரோட கீறாங்கன்னு."

ஒன்பது பேரிடமும் அது பொய் என்று சொல்லிவிட்டேன். இப்போது சாமி பெயரில் வந்தாலும் எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. காய்ச்சலென்றால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் கோவில். அம்மனிடம் மன்னிப்பு கேட்டாகிவிட்டது. தங்கையிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.