ஸ்டெப்னி இல்லாத ஜீப்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம் அது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகிப் பல வருடங்கள் காத்திருந்து, ஒன்று தங்காமல் போன பிறகு வந்த பிள்ளை. அதனால் வீட்டில் நான் நடந்தாலும் திட்டு, குனிந்தாலும் திட்டு.

என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளர். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, மலை, காடு, சேறு என்றால் அவருக்கு உயிர். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருந்தார். லீவு கிடைத்தால் நண்பர்களோடு ஜவ்வாது மலைப் பக்கம் போய், வண்டியும் ஆளும் ஒரே நிறத்தில் திரும்பி வருவார். நான் உண்டானதும், “வித்துத் தொலைடா” என்றார் என் மாமியார். இவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி வேண்டாமா என்று சொல்லி, தேய்ந்து போயிருந்த டயர்களை மாற்றுவதற்கு என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே அவர் கண் போனது சேற்றில் ஓடும் டயர்களின் மேல். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த, வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற அகல டயர்கள். புடவைக் கடையில் பெண்கள் முந்தானையைத் தடவிப் பார்ப்பது போல அதைத் தடவிக்கொண்டே நின்றார். நான்கு சக்கரத்துக்கும் அதை மாட்டிவிட்டு, பழசில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்வதாகத் திட்டம்.

“இத மாட்டினா வண்டி இன்னும் ஒசந்துடுமே, நான் என்ன ஏணி வெச்சா ஏறுறது?” என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். எப்போதும் சேற்றிலேயே கிடக்கிற வண்டிக்குத்தான் அந்த டயர், தார் ரோட்டில் அது இரையும், குலுக்கும் என்றார். எங்களுக்கு ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான டயரே போதுமாம். ஃபோர் வீல் வண்டிக்கு ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் பாக்ஸுக்குக் கேடு என்பதையும் எடுத்துச் சொன்னார். கடைசியில், வண்டிக்கு முதலிலிருந்தே உள்ள அளவில் ஐந்து டயர் வாங்கினோம். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் அந்தச் சேற்று டயரை இன்னொரு முறை தடவிவிட்டு வந்தார்.

பூஜை போட்டு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். “பின்னாடி தொங்குறது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று என் மாமியார் கேட்க, இவர் ஸ்டெப்னியின் நடுவில் ஒரு பழத்தைச் செருகினார். தெருவே சிரித்தது.

அந்த ஜீப்பில்தான் ஒரு நாள் திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நாங்கள் சிவன் கோயில்காரர்கள். ஆனால் பிள்ளை விஷயத்தில் நான் பெருமாளையும் விடவில்லை. அந்தத் தாயார் சன்னிதியில் வேண்டிக்கொண்டு, வறுத்த பயறை ஈரத் துணியில் முடிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தவள் நான். விடிவதற்குள் அது முளை விட்டால் பிள்ளை உண்டு என்பது அங்கே நம்பிக்கை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பும்போது ரோட்டில் தண்ணீர் நின்றதால் ஏரிக்கரை மண் பாதையில் வந்தோம்.

கரையில் எங்களுடையதைப் போலவே ஒரு பழைய ஜீப் நின்றிருந்தது. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு டயர்கள் கிடந்தன, இரண்டும் கிழிந்து. ஸ்டெப்னியையும் மாட்டிப் பார்த்து அதுவும் வெடித்திருக்கிறது. வண்டிக்குள் பின்பக்கம் விரித்த பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். நிறைமாதம். பாயெல்லாம் ரத்தம். கூட இருந்த கிராம நர்ஸ் அவள் கையைப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் தண்ணீரில் வழி கிடைக்காமல் சுற்றி வந்துகொண்டிருந்ததாம்.

“எங்க வண்டில ஏத்திக்கலாமே” என்றேன்.

“அசைக்கக் கூடாதுமா. எறக்கி ஏத்தினா இன்னும் ரத்தம் போவும்” என்றார் நர்ஸ்.

ஜாக்கி பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் கணவன் எங்கள் ஸ்டெப்னியையே பார்த்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. இனி மண் பாதையில் எங்களுக்கு ஏதாவது ஆனால் மாற்று டயர் கிடையாது, வயிற்றில் எங்கள் பிள்ளை. எனக்கு உண்மையிலேயே பயம்தான். ஆனால் அந்தப் பெண் தலையை மட்டும் திருப்பி என் வயிற்றைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

“கழட்டிக் குடுங்க” என்றேன்.

ஒரே அளவு டயர். சட்டென்று பொருந்திவிட்டது. அந்தக் கணவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, “எந்த ஊருண்ணா?” என்று கத்தினான். “பிள்ளையார்பாளையம்!” என்று இவரும் கத்தினார். அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. கரை முடியும்வரை நான் பெருமாளையும் சிவனையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

“புது டயரு போச்சு” என்றார் மாமியார். இவரோ வேறு டயர் வாங்க மறுத்துவிட்டார். “அந்த ஆளு கொண்டாருவாரு. அப்போ இங்க வேற டயரு தொங்குனா அவரு மனசு சங்கடப்படும்” என்றார். இப்படி ஒரு ஆளோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. ஆனால் எனக்கு டயர் நினைப்பே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் தினமும் நினைத்தேன்.

ஏறக்குறைய ஒரு மாதம் போயிருக்கும். காலையில் எங்கள் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். புடவைக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும்போது எந்த வண்டியும் உள்ளே வராது. அதனால் எங்கள் ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தோம். திடீரென்று பாவுக்காரர் ஒருவர், “டேய், யார்ரா அது? ஜீப்புல டயரு கழட்றான்பா!” என்று கத்தினார். எல்லோரும் ஓடினோம். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அவன் கழற்றவில்லை. மாட்டிக்கொண்டிருந்தான். கழுவித் துடைத்த எங்கள் டயர். கடைசி நட்டை முறுக்கியபடி ஏரிக்கரையில் பார்த்த அந்தக் கணவன் நின்றிருந்தான். ஸ்டெப்னி இல்லாத ஜீப்பைத் தேடிப் பல நாளாகத் தெருத் தெருவாக அலைந்திருக்கிறான்.

“குழந்தை?” என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. “புள்ள தங்கலமா. அவ பொழச்சிக்கினா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவளும் இல்லன்னு டாக்டரு சொன்னாங்க.”

அவனே மறுபடி சொன்னான். “உங்களுக்கு மாசம் நெருங்கியிருக்கும், அவசரத்துக்கு ஸ்டெப்னி இல்லாம எப்டி கெளம்புவாங்கன்னு கண்ணு முழிச்சதுலேர்ந்து அவ சொல்லிக்கினே இருக்குறா. புள்ள போன வூட்லேர்ந்து போற, மாசமா இருக்கறவங்க வாசல்ல நிக்காத, மாட்டிட்டு சத்தமில்லாம வந்துடுன்னா. அதான்...”

சகுனம் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத என் மாமியார்தான் முன்னால் வந்து அவன் கையைப் பிடித்தார். “எங்க வூட்டு வாசல்ல நிக்காம நீ வேற எங்கப்பா நிப்ப? உள்ள வா” என்றார். பாவின் ஓரமாகவே அவனை நடத்திக் கூட்டி வந்து, உட்கார வைத்து இட்லி போட்டார். அவன் சாப்பிட்டுக்கொண்டே அழுதான். நானும் ஒன்றை இழந்தவள்தான் என்று அவன் மனைவியிடம் சொல்லச் சொன்னேன்.

அடுத்த மாதம் எனக்கு வலி எடுத்தபோது அந்த ஜீப்பில்தான் போனோம். வழியில் எதுவும் ஆகவில்லை. பெண் குழந்தை பிறந்தது. தன் மடி காலியாகிக் கிடந்த நேரத்திலும் என் பிள்ளை பத்திரமாகப் பிறக்க வேண்டுமே என்று கவலைப்பட்டாளே அந்த ஏரிக்கரைப் பெண், அவளை நினைக்கும்போதெல்லாம் என் மகளை நான் மட்டும் பெற்றுவிடவில்லை என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.